ஒற்றை வாணலியார்

வாரத்தின் ஆறு நாள்களும் குளிர்பதனப் பெட்டியைத் திறப்பதற்காக மட்டுமே அடுப்படிக்கு வந்துபோய், ஏழாம் நாளில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில், "இன்றைக்கு யாரும் எழுந்திருக்க வேண்டாம், சாப்பாடு என் பொறுப்பு" என்று அறிவித்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழையும் குடும்பத்தலைவர் வகை ஒன்று அமெரிக்கப் புறநகர்களில் பரவலாகக் காணப்படுகிறது. இவ்வகையினரை ஒற்றை வாணலியார் என்று குறிப்பிடலாம். ஸ்டேக்கும் உருளைக்கிழங்கும் கொண்ட முழு இரவு உணவை ஒரே வாணலியில், அதுவும் அரை மணி நேரத்துக்குள், சமைத்து இறக்கிவிட முடியும் என்று மனமார நம்புவதும், அந்த நம்பிக்கையைப் பிறர் கேட்காமலேயே எடுத்துரைப்பதும் இவர்களுக்குரிய இலக்கணம். ஸ்டேக் என்பது மாட்டின் தசையை நாருக்குக் குறுக்கே தடித்த துண்டமாக அரிந்து, உப்பும் மிளகும் மட்டும் தடவி, கடுஞ்சூட்டில் இருபுறமும் வாட்டி எடுக்கும் உணவு. மசாலா அரைக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம், குழம்பு கூட்ட வேண்டாம் என்பதால், சமையல் தெரியாதவர் சமைக்கத் தெரிந்தவராகத் தோற்றமளிப்பதற்கு இதைவிட ஏற்ற பண்டம் கிடைப்பது அரிது.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு அச்சேறிய மரபு ஒன்று உண்டு. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய அறிவியலர் எத்வார் தெ பொமியான், 10 நிமிடத்தில் சமைப்பது எப்படி என்பதை விளக்கும் நூலை 1930இல் வெளியிட்டார். என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் முன்பே, வீட்டுக்குள் கால் வைத்ததும் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த முதல் விதி. அமெரிக்காவில், 1976இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பியர் ஃபிரேனி தொடங்கிய பத்தி 60 நிமிடம் கேட்டது; 2001இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ரேச்சல் ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை 30 நிமிடமாகப் பாதியாக்கியது; இங்கிலாந்தின் ஜேமி ஆலிவர் 2010இல் 30 நிமிடச் சமையல் நூலையும், இரண்டே ஆண்டில் 15 நிமிடச் சமையல் நூலையும் எழுதிய பின், 2022இல் நேரத்தை விட்டுப் பாத்திரத்தைக் குறைக்கும் முயற்சியில் இறங்கி, ஒரே பாத்திரச் சமையலுக்கென்று 'ஒன்' என்னும் நூலைக் கொண்டுவந்தார். இவ்வளவு முன்னேற்றங்களுக்கிடையிலும் உருளைக்கிழங்கு மட்டும் தான் வேகும் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை வாணலியார் கவனிப்பதில்லை.

வாணலியாரின் உடைமைகளுள் தலையாயது வார்ப்பிரும்பு வாணலி. பன்னிரண்டு அங்குல அகலமும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையும் கொண்ட இது, டென்னசி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1896இல் தொடங்கிய லாட்ஜ் நிறுவனத்தின் வார்ப்பாக இருப்பது வழக்கம். பாட்டி வைத்திருந்த பழைய வாணலி எவருக்கேனும் வாய்த்துவிட்டால், அவர் சக வாணலியார்களின் நடுவில் சற்று நிமிர்ந்து உட்காரும் உரிமை பெறுகிறார். வார்ப்பிரும்பைப் பழக்குதல் என்ற செய்முறை இங்கே விளக்கத்துக்குரியது: இரும்பின் மேல் எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசிப் புகையும் அளவுக்குச் சூடேற்றினால், கொழுப்பின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கறுத்து இறுகிய படலமாகி, உணவு ஒட்டாமல் காக்கின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதும் இதே வேதியியல்தான். வேறுபாடு என்னவென்றால், தோசைக்கல்லைப் பழக்கியவர் அடுத்ததாகத் தோசை வார்ப்பார், வாணலியைப் பழக்கியவர் அடுத்ததாக அதைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் படலத்தின் மீது சோப்பு படக்கூடாது என்பது வாணலியாரின் வேதவாக்கு. கடுங்காரம் மிகுந்த பழைய காலத்துச் சோப்புகள் படலத்தை அரித்தது உண்மையே. இன்றைய பாத்திரம் கழுவும் திரவங்களில் அந்தக் காரம் இல்லாததால், அவற்றைச் சிறிதளவு பயன்படுத்துவதால் தீங்கில்லை என்பதும் உண்மையே. ஆயினும் இரண்டாவது உண்மையை அவரிடம் எடுத்துச்சொன்ன பெரியோர் எவரும் மறுமுறை விருந்துக்கு அழைக்கப்பட்டதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணத்தில், அந்த வாணலியைச் சோப்புத் தண்ணீரில் இரவு முழுதும் ஊறப்போட்டுவிட்டால், மறுநாள் காலையில் அதன் மேல் பூத்திருக்கும் செந்துருவை வாணலியார் ஒரு சொல்லும் பேசாமல் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னர் துருவைத் தேய்த்துப் போக்கி மீண்டும் பழக்குவதற்கு ஓர் ஓய்வுநாள் செலவாகும். அந்த நாளை 30 நிமிட உணவின் கணக்கில் சேர்ப்பது முறையாகாது என்பது அவர் கருத்து.

இறைச்சிக் கடையில் இவருடைய புலமை முழு வீச்சில் வெளிப்படும். அமெரிக்க வேளாண்மைத் துறை, தசைக்குள் இழையோடும் கொழுப்பின் அளவையும் மாட்டின் முதிர்ச்சியையும் பார்த்து, இறைச்சியைப் பிரைம், சாய்ஸ், செலக்ட் முதலிய தரங்களாகப் பிரிக்கிறது. விலா எலும்பை ஒட்டி எடுக்கும் ரிப் ஐ கொழுப்பு மிக்கது, முதுகின் பின்பகுதியிலிருந்து எடுக்கும் ஸ்டிரிப் சற்று இறுக்கமானது, அதற்கும் பின்னாலிருந்து வரும் சர்லாயின் விலை மலிந்தது. இம்மூன்றுக்கும் இடையில் வாணலியார் கண்ணாடித் தடுப்பின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒன்றரை அங்குலத் தடிமனுக்குக் குறைந்தால் நடுப்பகுதி வெந்துபோகும் என்று கடைக்காரருக்கே விளக்குவார்; இருபது ஆண்டுகளாக மாடு அரியும் கடைக்காரரும் அதை இன்றுதான் அறிந்தவர்போலத் தலையசைப்பார். உருளைக்கிழங்கைப் பற்றிய விவாதம் இதைவிடச் சுருக்கமானது. மாவுச்சத்து மிகுந்து பொலபொலவென்று உதிரும் ரசெட் வகையா, கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980இல் வெளிவந்த, வெண்ணெய் நிறத்தில் உருக்குலையாமல் வேகும் யூக்கான் கோல்ட் வகையா என்பதில் உண்மையிலேயே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இருந்தபோதிலும், கிழங்கு வாங்கும் பொறுப்பை அவர் மனைவியின் பட்டியலில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்.

ஸ்டேக்கும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் ஒத்துப்போகுமேயன்றி ஒரே வாணலியில் ஒத்துப்போவதில்லை என்பதே இச்சமையலின் அடிப்படைச் சிக்கல். கிழங்கு மெத்தென்று வேக வேண்டுமானால் அதன் உட்பகுதி 90 பாகை செல்சியசைத் தாண்ட வேண்டும்; ஸ்டேக்கின் நடுப்பகுதியோ 57 பாகையைத் தாண்டிவிட்டால் வாணலியாருக்கு அன்றிரவு உறக்கம் வராது. முன்னதற்கு மிதமான தீயும் பொறுமையும் தேவை. பின்னதற்குக் கடுந்தீயும் அவசரமும் தேவை. இரண்டையும் ஒருசேர வாணலியில் கொட்டினால், ஈரம் வெளியேற இடமின்றி எல்லாம் தன் நீரிலேயே அவிந்து, கிழங்கு பாதி வேகாமலும் இறைச்சி சாம்பல் நிறத்திலும் வந்து சேரும். ஆகவே ஒன்றை முதலில் சமைத்து வெளியே எடுத்துவைத்து, அடுத்ததைச் சமைத்து, பிறகு முதலாவதை மீண்டும் உள்ளே சேர்க்க வேண்டியிருக்கிறது. வெளியே எடுத்ததை எதில் வைப்பது என்ற வினாவில்தான் ஒற்றை வாணலிக் கோட்பாடு முதல் விரிசலைக் காண்கிறது.

அந்த விரிசலை ஒரு வெள்ளிக்கிழமை மாலையின் கழுவுதொட்டியில் நேரில் ஆராயலாம். உப்புத் தடவிய இறைச்சி காற்றாட உலர்வதற்கென்று கம்பித் தட்டும் அதன் அடியில் ஒரு தாம்பாளமும். பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, அதன் கிருமி காய்கறியில் ஏறாமலிருக்கக் கிழங்குக்கு இன்னொரு பலகை. நறுக்கிய கிழங்கின் மாவுச்சத்தைக் கழுவ ஒரு குண்டான். வாணலியில் வேகும் நேரத்தைக் குறைப்பதற்காக அதை நுண்ணலை அடுப்பில் முன்கூட்டியே அவிக்க ஒரு கண்ணாடிப் பாத்திரம், வடிக்க ஒரு வடிதட்டு. பொரித்த கிழங்கை எடுத்து வைக்கத் தாள் விரித்த ஒரு தட்டு. வெண்ணெய்க்கு ஒரு கிண்ணம், பூண்டுக்கும் தைம் தழைக்கும் ஒரு கிண்ணம். பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கி ஒன்று, வெந்ததைத் தொட இடுக்கி ஒன்று. வெந்த ஸ்டேக் இளைப்பாற ஒரு தட்டு. அதைக் கூறுபோட, சாறு வழிந்தோடாமல் விளிம்பில் பள்ளம் வெட்டிய மரப்பலகை ஒன்று. இவற்றுள் வாணலி ஒன்றே ஒன்றுதான் என்பதை எவராலும் மறுக்க முடியாது.

நேரக் கணக்கும் இதே முறையில் அமைந்தது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து இறைச்சியை எடுத்து உப்புத் தடவிக் குறைந்தது 40 நிமிடம் வைத்தால், உப்பு முதலில் வெளியே இழுத்த நீரைத் தசை மீண்டும் உள்வாங்கிக்கொண்டு சுவையேறும் என்பது வாணலியாருக்குத் தெரியும். அவர் அதைத் தவறாமல் செய்கிறார். ஆனால் காத்திருத்தல் வேறு, சமைத்தல் வேறு என்பதால் அது கணக்கில் வராது. வாணலி சூடேறும் நேரம் வாணலிக்குரியது. கிழங்குத் தோலைச் சீவும் நேரம் அதைச் சீவிய மகளுக்குரியது. சமையல் நூல்களும் இவருக்கு உடந்தையாக இருக்கின்றன: தேவையான பொருள்களின் பட்டியலில் 'பொடியாக நறுக்கிய பூண்டு' என்று எழுதி, பூண்டு தோட்டத்திலிருந்தே பொடியாகத்தான் வருகிறது என்பதுபோலக் கத்தி வேலை முழுவதையும் கடிகாரத்துக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. இறைச்சி இரும்பைத் தொட்டுச் 'சொய்ங்' என்று ஓசை எழுப்பும் அந்த நொடியில்தான் வாணலியாரின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் உணவு 12 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்பதும், அரை மணி நேரம் என்பது அவர் அடக்கத்தின் காரணமாகச் சொன்ன எண் என்பதும் விளங்கும்.

அந்தச் 'சொய்ங்' ஓசையைப் பற்றிய அறிவியல் விளக்கமும் உணவோடு இலவசமாகக் கிடைக்கும். இறைச்சியை முதலில் கடுஞ்சூட்டில் வாட்டினால் மேற்புறம் இறுகிச் சாறு வெளியேறாமல் தடுக்கும் என்ற கருத்தை, ஜெர்மன் வேதியியலர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1847இல் வெளியிட்ட நூல் பரப்பியது. அது சரியன்று என்று ஹரால்ட் மக்கீ 1984இல் வெளியான தம் உணவு அறிவியல் நூலில் விளக்கினார். வாட்டிய பின்பும் இறைச்சி ஓசையெழுப்பிக்கொண்டே இருப்பது, நீர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதற்குக் காதால் கேட்கத்தக்க சான்று. வாட்டுவதன் உண்மையான பயன் சுவை: பிரெஞ்சு வேதியியலர் லூயி காமில் மையார் 1912இல் விவரித்த வினையின்படி, ஏறத்தாழ 140 பாகைக்கு மேல், புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடிப் பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. ஈரம் இருக்கும்வரை சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது என்பதால், இறைச்சியை முன்கூட்டியே தாளால் ஒற்றி உலர்த்த வேண்டியிருக்கிறது. வாணலியார் மையாரையும் சொல்வார், சாறு அடைபடுவதையும் சொல்வார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்பது, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு அவருக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

புகை பிறப்பது இக்கட்டத்தில்தான். வெண்ணெயிலுள்ள பாற்பொருள்கள் 150 பாகையை ஒட்டிக் கருகத் தொடங்கும். வாணலியோ அதற்குள் 200ஐத் தாண்டியிருக்கும். வாணலியைச் சாய்த்துப் பிடித்து, உருகிய வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளி இறைச்சியின் மேல் ஊற்றும் முறையை உணவக வல்லுநர்கள் தீயைத் தணித்த பிறகே செய்வார்கள். தொலைக்காட்சியில் தீயைத் தணிக்கும் கை படத்துக்குள் வராததால் வாணலியார் தணிப்பதில்லை. அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சி, பல அமெரிக்க வீடுகளில், நுண்ணலை அடுப்பின் அடியில் பொருத்திய விசிறியாக இருந்து, உறிஞ்சிய புகையை வடிகட்டி வழியே அதே அறைக்குள் திருப்பி விடுவதால், வீட்டார் அனைவருக்கும் விருந்தின் முதல் பங்கு மூக்கின் வழியே கிடைத்துவிடுகிறது. கூடத்துக் கூரையில் பொருத்திய புகை எச்சரிப்பான் அலறத் தொடங்கியதும், யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்ற மாலை அறிவிப்பு காலாவதியாகிறது. மூத்த மகன் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறுவான். மகள் சன்னல்களைத் திறப்பாள். மனைவி குரைக்கும் நாயைத் தோட்டத்துக்கு இழுத்துச் செல்வார். வாணலியார் இடுக்கியை உயர்த்திப் பிடித்தபடி, "பயப்படாதீர்கள், இப்படித்தான் வர வேண்டும்" என்று இரைச்சலுக்கு மேல் குரல் கொடுப்பார். ஜனவரி மாதத்து ஓஹாயோவில் இந்தக் காட்சி மேலங்கி அணிந்தே நடைபெறும்.

வேக்காட்டுப் பதம் பற்றிய கொள்கையில் வாணலியார் சமரசமற்றவர். நடுப்பகுதி இளஞ்சிவப்பாக, 54 முதல் 57 பாகைக்குள் நிற்கும் 'மீடியம் ரேர்' ஒன்றே மனிதர் உண்ணத்தக்கது என்பது அவர் முடிபு. அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்கு 63 பாகையும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் பாதுகாப்பானவை என்று பரிந்துரைக்கிறது. பிரைம் முத்திரை குத்தும்போது மறுக்கவொண்ணாத அதிகாரமாக விளங்கும் அதே துறை, வெப்பநிலை பற்றிப் பேசும்போது அவருடைய மதிப்பை இழந்துவிடுகிறது. துண்டத்திலிருந்து கசியும் செந்நீர் இரத்தமன்று, தசைக்கு நிறம் தரும் மையோகுளோபின் என்ற புரதம் கலந்த நீரே என்று அவர் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது முற்றிலும் சரியான செய்தி. அதைக் கேட்டபின் இளைய மகள் கிழங்கை மட்டும் உண்பது அவர் எதிர்பாராத விளைவு. விருந்துக்கு வந்த மைத்துனர் தமக்கு நன்றாக வெந்தது போதும் என்று கேட்டுவிட்டால், வாணலியார் மறுப்பதில்லை. அந்தத் துண்டத்தை மீண்டும் வாணலியில் இட்டு, துக்க வீட்டில் நிற்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, அது பழுப்பாவதைப் பார்த்திருந்து, "உங்கள் விருப்பம்" என்று பரிமாறுவார்.

வெந்த ஸ்டேக்கை உடனே அரியலாகாது. ஐந்து முதல் பத்து நிமிடம் ஆறவிட்டால் வெப்பம் சமன்பட்டு, அரியும்போது வெளியேறும் சாறு குறையும். இந்த இடைவேளையில் உள் வெப்பம் மேலும் சில பாகை ஏறும் என்பதால், சரியான பதத்தில் இறக்கிய ஸ்டேக், தட்டுக்கு வரும்போது சரியான பதத்தைக் கடந்திருக்கும் வாய்ப்பும் உண்டு. அந்நாள்களில் வெப்பமானியே பழுதென்று தீர்ப்பாகும். இறைச்சி இளைப்பாறும் நேரத்தில், முன்னரே பொரித்து வைத்த கிழங்கு ஆறி மொறுமொறுப்பை இழந்துவிடுவதால் அதை மீண்டும் வாணலிக்கு அனுப்ப வேண்டும். கிழங்கு சூடேறும் நேரத்தில் இறைச்சி ஆறிவிடும். இரண்டும் ஒருசேரச் சூடாக இருந்த மாலை ஒன்று உண்டு என்று வாணலியார் நினைவுகூர்வார், சாட்சிகள் இல்லை.

எனினும் உணவு சுவையாகவே இருக்கிறது என்பதை நடுநிலையோடு பதிவுசெய்ய வேண்டும். வெண்ணெயும் பூண்டும் இறைச்சிக் கொழுப்பும் ஊறிய உருளைக்கிழங்கு, சமைத்தவர் யாராயினும், கெட்டுப்போவதற்கு வாய்ப்புக் குறைவு. கால் மணி நேரத்தில் தட்டுகள் காலியாகின்றன. அந்தக் கால் மணி நேரத்தில், பதம் எப்படி என்ற வினா மும்முறை எழுகிறது. உண்டு முடித்ததும் வாணலியார் வாணலியை மட்டும் தாமே எடுத்துச் சென்று, கல்லுப்பிட்டுத் துடைத்து, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் பூசி, குழந்தையைத் துயிலவைப்பவர்போல அலமாரியில் வைப்பார். மற்றவை தொட்டியில் கிடக்கும். சமைத்தவர் கழுவ வேண்டியதில்லை என்ற சட்டத்தை இங்கே அவர் மேற்கோள் காட்டுவார். மற்ற ஆறு நாள்களிலும் சமைத்தவருக்கு அதே சட்டம் பொருந்துமா என்று கேட்டால், கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகத் தோட்டத்து நாயைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த ஆறு நாள்களுள் ஒன்றான செவ்வாய்க்கிழமையில், அலுவலகத்திலிருந்து திரும்பிய மனைவி, கோழித்துண்டுகளையும் அரிசியையும் உறைந்த பட்டாணியையும் ஒரே பாத்திரத்தில் இட்டு மூடி, அது வேகும் நேரத்திலேயே நறுக்கிய பலகையைக் கழுவிக் கவிழ்த்து, மகனின் பின்னக் கணக்கைத் திருத்தி, அரை மணி நேரத்தில் எல்லாரையும் உண்ண அழைத்துவிடுகிறார். ஒரே பாத்திரம், அரை மணி நேரம் என்ற இரண்டு வாக்குறுதிகளும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறும் இடம் இதுவே; ஆயினும் அதைப் படம் பிடிப்பாரும் இல்லை, பதம் எப்படி என்று கேட்பாரும் இல்லை. வாணலியார் வகையில் பெண்கள் அரிதாகவே காணப்படுவதற்குக் காரணமும் இதுவே: நாள்தோறும் செய்வதைக் கொள்கையாக வகுத்துக்கொள்ள எவருக்கும் தோன்றுவதில்லை.

தொட்டிக் கணக்கையும் கடிகாரக் கணக்கையும் கணவர் முன் விரித்து வைப்பது மனைவிக்கு எளிது. வைத்தால், வாணலியார் மனம் நொந்து அடுத்த வெள்ளிக்கிழமை தொலைபேசியில் பீட்சா வரவழைப்பார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஏழாம் நாளும் மனைவியின் தலையில் விழும். பாத்திரங்களை ஒருபுறமும் ஒரு மாலை நேர ஓய்வை மறுபுறமும் வைத்து நிறுத்துப் பார்த்த அவர், ஓய்வே கனம் கூடியது என்று கண்டு, "இந்த வாரம் பதம் அருமை" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியை நோக்கி நடக்கிறார். இந்தப் பாராட்டிலும் அளவு தேவை. அளவு மீறினால் பிறந்தநாளை ஒட்டி, முட்டைக்கென்று எட்டங்குல வாணலியும், மீனுக்கென்று நீள்வட்ட வாணலியும், ரொட்டிக்கென்று மூடியிட்ட வாணலியும் வரிசையாக வந்து அலமாரியை வளைத்துவிடுகின்றன. ஒற்றை வாணலியாரின் வீட்டில் நான்கு வாணலிகள் இருப்பது முரணன்றோ என்று வினவியவர்களுக்கு, ஒரு நேரத்தில் பயன்படுவது ஒன்றுதானே என்று அவர் அளிக்கும் விடை, அவருடைய கணக்கு முறையோடு முழுதும் ஒத்துப்போகிறது.